உபவாசம் இருங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள், உபவாசத்தால் விழுந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டது. வேதாகமப் பையின் பக்கவாட்டு அறையில் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பைக்குச் சொந்தக்கார அம்மா சுகர் 500-ஐத் தாண்டி, நாக்கு வறண்டு, மூச்சு வாங்கியபடி கட்டிலில். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இதற்கு நேர்மாறு. காலை மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, சாயங்காலம்வரை வயிற்றைக் காயப் போட்டவர். சுகர் 38. இருவருமே ஆண்டவர்மேல் உண்மையான அன்பு உள்ளவர்கள். இருவர் வீட்டிலும் சுகர் பார்க்கும் மெஷின் இருக்கிறது. உபவாசத்துக்கு முன் மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இரண்டு கட்டிலுமே அன்று காலியாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு லெந்துக்கும் நோயாளிகளிடம் ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில், எல்லாக் கோளாறுக்கும் வேராக இருக்கிற அந்த ஒரு எண்ணம். "மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும்." இதற்கு ஆதாரமாக எப்போதும் யூதாவை ஆண்ட ஆசா ராஜாவைத்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" (2 நாளாகமம் 16:12). பரிகாரி என்றால் வைத்தியர். அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசிக்காதீர்கள், அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். 'வியாதியிலும்' என்பதில் ஒரு 'உம்' இருக்கிறது, அதைக் கவனியுங்கள். யுத்தம் வந்தபோது கர்த்தரை விட்டுவிட்டு, ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்துச் சீரிய ராஜாவுக்கு அனுப்பினான். தப்பைச் சுட்டிக்காட்டிய ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போட்டான். கடைசியில் கால் வியாதியிலும் அதே பிடிவாதம். தேவனைத் தேடாததுதான் அங்கே குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. வைத்தியரைத் தேடியது அல்ல.

நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். குணமாக்குவேன் என்று கர்த்தரே சொல்லி, ஆயுசில் 15 வருஷம் கூட்டியும் கொடுத்தாயிற்று. அதே மூச்சில் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறார் (2 இராஜாக்கள் 20:7). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வருகின்றன. எத்தனையோ பேரைக் குணமாக்கிய பவுல், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்லி எழுதுகிறார். பவுலின் பக்கத்திலேயே "பிரியமான வைத்தியன்" லூக்கா இருக்கிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரமே மருத்துவரையும் மருந்தையும் பற்றித்தான் தொடங்குகிறது. நோய்ப்பட்டவரிடம் போதகரைக் கூட்டிவந்து, "இவருக்கு ஜெபம் போதும்" என்று சொல்லும் சபையார் இதையெல்லாம் எங்கே தாண்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

"உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்" என்ற வசனம் சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த வரியைப் பாருங்கள்: கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், நீங்கள் உங்களுடையவர்கள் அல்ல. ஆக, இந்தச் சிறுநீரகமும் கண்ணும் காலும் உங்கள் சொந்தச் சொத்து இல்லை. நீங்கள் உக்கிராணக்காரர். எஜமானின் பொருளை நம்பிக்கையின் பெயரால் பாழாக்க உக்கிராணக்காரனுக்கு அதிகாரம் கிடையாது. ஆலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது சாத்தான், கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பதுதான் அதற்கு இயேசு சொன்ன பதில் என்பது ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்.

இன்னொன்று, சுகம் கிடைத்தது என்று சபை முன்னால் சொல்லும் சாட்சி. உபவாசத்தின் மூன்றாம் நாள் சுகர் பார்க்கிறார்கள், 95 வருகிறது. சாப்பிடாதவருக்குச் சுகர் குறையாமல் என்ன செய்யும்? ஆனால் அன்று மாலையே மைக்கைப் பிடித்து, "கர்த்தர் சுகம் தந்தார், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். பிறகு சுகர் ஏறும்போது அந்த மனிதர் யாரிடம் சொல்வார்? சபையில் வெட்கம், வீட்டில் வெட்கம். ஆறு மாதம் மறைத்து, கால் விரல் கறுத்த பிறகு வருகிறார். போதகர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: லேவியராகமம் 13-இல் குஷ்டமோ என்று சந்தேகப்பட்டவரை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்த்து, மறுபடியும் ஏழு நாள் பார்த்தபிறகுதான் சுத்தம் என்று சொல்கிறான். சுகமான குஷ்டரோகிகளையும் இயேசு ஆசாரியர்களிடம் காட்டத்தானே அனுப்பினார்? சுகருக்கு அந்தச் சோதனை எச்பிஏ1சி. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியை அது காட்டும். அது வரட்டும், மருத்துவர் மாத்திரையைக் குறைக்கட்டும், அப்புறம் சாட்சி சொல்லட்டும். மகிமை ஒன்றும் குறைந்துவிடாது.

இனி மாத்திரை விஷயம். சுகர் மாத்திரை எல்லாம் ஒரே ரகம் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு லோ சுகர் வருவது அரிது, உபவாசம் முடித்துச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு அப்படி இல்லை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் இதைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டையும் விட்டால் கீழே விழ வேண்டியதுதான். சர்க்கரை கொடுத்து எழுப்பிய பின்னும், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு, ஒரு நாள், சிலருக்கு அதற்கு மேலும், மறுபடி மறுபடி இறங்கும். அதனால்தான் "தெளிந்துவிட்டாரே, வீட்டுக்குப் போகிறோம்" என்றால் விடமாட்டோம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போடுகிறவர்கள் நாள் கணக்கில் உபவாசம் இருந்தால் சுகர் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சு வாங்கலும் வந்தால் மெஷினை நம்பாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இந்த மாத்திரையை உபவாசத்துக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். எதை நிறுத்துவது, எதை மாலைக்கு மாற்றுவது, எதைப் பாதியாக்குவது என்பதை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் கேட்காதீர்கள். சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள் ஊசியை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக்கூடாது, உபவாசமும் வேண்டாம்.

பிரஷர் மாத்திரையில் அட்டினோலால், குளோனிடின் இரண்டும் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மேலே எகிறும். வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் இதே கதை, இன்னும் ஆபத்து. இவற்றை ஒரு வாய் தண்ணீரில் விழுங்கினால் உபவாசம் முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஜெபக் கூட்டத்தில் லோ சுகர் எப்படி இருக்கும் என்று சபை மூப்பர்கள், பெண்கள் ஐக்கியத்தார் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம், அழுகை, உளறல். இதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துச் சுற்றி நின்று ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். பிசாசு என்று நினைத்து அதட்டுவதும் நடக்கிறது. அதற்குள் அரை மணி நேரம் போய்விடுகிறது. முதலில் விரலில் குத்திப் பாருங்கள். மெஷின் இல்லையென்றால் லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ அன்றைய உபவாசம் அத்தோடு முடிந்தது. விரலில் குத்துவதால் உபவாசம் முறியாது, இதையும் கேட்கிறார்கள்.

கர்ப்பிணிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கடந்த மூன்று மாதத்தில் லோ சுகரில் மயங்கியவர்கள், இருதயம் வீங்கியவர்கள், காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உணவை ஒறுக்க வேண்டாம். எஸ்தர் மூன்று நாள் தண்ணீரில்லாமல் இருந்தாளே என்று பங்குனி வெயிலில் சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர்மாத்திரையும் போட்டுக்கொண்டு வெறும் வாயோடு இருந்தால் சிறுநீரகம் நின்றுபோகும். கத்தோலிக்கருக்கு ஒருசந்திக் கடமையே (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று வருஷத்தில் இரண்டே நாள்தான். அதுவும் 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது வரைதான், நோயாளிக்கு விலக்கு உண்டு. 72 வயதுப் பாட்டி நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பதைத் திருச்சபை கேட்கவில்லை. மனம் கேட்காவிட்டால் ஏசாயா 58-ஐத் திறந்து பாருங்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்பதுதான் அங்கே கர்த்தருக்கு உகந்த உபவாசம்.

இவ்வளவும் சரீரம். மனசுக்கு வந்தால் நம் சபைகள் இன்னும் கடினமாகிவிடுகின்றன. "உனக்கு என்ன குறை, ஜெபக்குறைவுதான்." இந்த வார்த்தை எத்தனை பேரை மருந்திலிருந்து விரட்டியிருக்கிறது! பாகாலின் தீர்க்கதரிசிகளை ஜெயித்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). தூதன் கண்டித்தானா? பிரசங்கம் பண்ணினானா? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான், நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். எலியா சாப்பிடாமல் நடந்த நாற்பது நாள் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்திய மறுவாரம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் திரும்பும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் போடுகிறவர்கள் உப்பையும் தண்ணீரையும் விட்டால் மருந்து உடம்பில் தேங்கி விஷமாகிவிடும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தியெடுத்தாலோ அன்றே ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களையும் இருதுருவ மனநோய் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களையும் முழு இரவு ஜெபத்துக்குத் தயவுசெய்து அழைக்காதீர்கள். ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலே போதும், இரண்டும் கிளம்பும். பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் வீட்டிலிருந்தே ஜெபிக்கட்டும். சாக வேண்டும் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அறிவுரை சொல்லாமல் கூடவே இருங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். ஜெபியுங்கள், கூட்டிக்கொண்டும் வாருங்கள்.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கவே கூடாது. தொழுநோயில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று உலகத்துக்குக் காட்டியவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். சுகர் பாதத்துக்கும் அதே பாடம்தான். கொப்புளம் வந்ததே தெரியாமல் இன்னும் முப்பது கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். நன்கு பொருந்திய செருப்பு, பருத்திக் காலுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது. செருப்போடு நடந்ததற்காக மாதா கோபிக்கமாட்டார்.

கடைசியாக, ஈஸ்டர் விடியல் ஆராதனை முடிந்ததும் வரும் மட்டன் பிரியாணி. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர்கள் முதல் வேளையே வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி இருதயத் துடிப்பே தாறுமாறாகும். முதல் இரண்டு நாள் வழக்கமான சாப்பாட்டில் பாதிக்கு மேல் போகாதீர்கள். உப்புப் போட்ட கஞ்சி, மோர், வேகவைத்த காய், கொஞ்சம் பருப்பு என்று ஆறு சிறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு மேல் இருந்தவர்கள் வீட்டில் முடிக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் பார்த்து, தயமின் (வைட்டமின் பி1) போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். நிறுத்தி வைத்த சுகர் மாத்திரைகளை அன்று காலையே பழைய அளவில் ஒட்டுமொத்தமாகப் போடாதீர்கள். சாப்பாடு எவ்வளவு ஏறுகிறதோ அதற்குத் தக்க ஏற்றித் தருகிறோம், அட்டைகளோடு திங்கட்கிழமை வந்துவிடுங்கள்.