விளம்பரம் செய்பவர் நம்மவராக இருந்தால்?

கட்டற்ற மென்பொருள் (நிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) குழுக்களை நடத்துபவர்களிடம் தன்விளம்பரம் பற்றிப் பேச்செடுத்தால், எங்கிருந்தோ வந்து சூதாட்ட இணைப்பை ஒட்டிவிட்டு ஓடும் அந்நியரைத்தான் சொல்வார்கள். அவரைச் சமாளிக்க விதியே தேவையில்லை. நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பல ஆண்டுகள் கூலியின்றி நிரல் எழுதிக் கொடுத்தவர் திடீரென்று தன் பயிற்சி வகுப்பைக் குழுவுக்குள் விற்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். யார் அவரிடம் போய்ச் சொல்வது? எதைக் காட்டிச் சொல்வது? நான் பழகிய குழுக்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைச் சண்டை வந்த பிறகே யோசித்தன. அப்போது எழுதும் விதி, யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

2019 ஆகஸ்டில், ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் உலகில் இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. ‘ஸ்டாண்டர்ட்’ என்ற புகழ்பெற்ற நிரல் தொகுப்பைத் தங்கள் கணினியில் நிறுவியவர்களின் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) வணிக நிறுவனங்களின் விளம்பரம் வந்து நின்றது. வைத்தவர் அதைப் பராமரிப்பவரே. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற அவருடைய வாதம் நியாயமானதுதான். ஆனால் நிறுவுபவரின் திரையை அவரைக் கேட்காமலே வாடகைக்கு விட்டதைப் பலரால் ஏற்க முடியவில்லை. ‘கோர்-ஜேஎஸ்’ தொகுப்பும் அதே காலத்தில், நிறுவியவுடன் நன்கொடை கேட்டு, ‘ஆசிரியர் நல்ல வேலை தேடுகிறார்’ என்று அறிவித்துக்கொண்டிருந்தது. இந்தத் தொகுப்புகளை எல்லோருக்கும் வழங்கும் தளமான என்பிஎம் இத்தகைய விளம்பரங்களுக்குத் தடை அறிவித்தது. அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே ஆண்டு இறுதிக்குள் ‘என்பிஎம் ஃபண்ட்’ என்ற கட்டளை வந்தது. தொகுப்பின் விவரக் கோப்பில் நிதி கேட்கும் முகவரியைப் பராமரிப்பாளர் குறித்து வைக்கலாம். உதவ விரும்புபவர் கட்டளையிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாசலை அடைத்தவர்கள் பக்கத்திலேயே இன்னொன்றைத் திறந்து வைத்தார்கள்.

தடையை மட்டும் எழுதும் குழுக்கள் தவறுவது இங்கேதான். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உதவி மன்றங்களில் கட்டண வேலை கேட்கவும் கூடாது, தரவும் கூடாது. அதற்கென்று வேலைவாய்ப்புத் தளம் தனியாக இருக்கிறது. உதவி கேட்டவரைத் தனிச்செய்திக்கு இழுப்பதையும் அங்கே அனுமதிப்பதில்லை. இந்த இரண்டாவது விதியை எல்லாக் குழுக்களும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். தளம் முடங்கிப் பதறிக்கொண்டிருப்பவரிடம், ‘கடவுச்சொல்லைக் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன்’ என்று ஒருவர் தனியே பேசினால், அங்கே என்ன நடக்கிறது என்று கண்காணிக்க யாரும் இல்லை. லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டம் கொஞ்சம் குறும்பாக எழுதி வைத்திருக்கிறது: அதன் மடலாடற் (மின்னஞ்சல்) குழுக்களில் வணிக விளம்பரம் போட்டால் 1,999 டாலருக்குப் பில் வரும்; திட்டத்துக்கு 1,000 டாலர் நன்கொடை தந்ததைக் காட்டினால் கட்டணம் இல்லை. பில் வசூலாகிறதோ இல்லையோ, இடம் இலவசமில்லை என்பது புரிந்துவிடும்.

விதி எழுதும்போது நான் முதலில் கேட்பது, இணைப்பை எடுத்துவிட்டால் பதில் நிற்குமா என்பதே. கேள்விக்கு விடை அங்கேயே முழுமையாக இருந்து, கீழே ‘விரிவாக என் கட்டுரையில்’ என்றிருந்தால் இருக்கட்டும். விடையே கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால் அது விளம்பரம். இரண்டாவது, ‘இந்தக் கருவியை உருவாக்கும் நிறுவனத்தில் பணிபுரிகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் பரிந்துரைக்கிறாரா என்பது. சொல்லாமல் மறைத்ததுதான் பெரும்பாலும் கோபத்தைக் கிளப்புகிறது. பரிந்துரையின் மீது யாருக்கும் பகை இல்லை.

விதி கடுமையானால் முதலில் வாய் மூடிக்கொள்வது கூச்ச சுபாவமுள்ள மாணவர். முதல் நிரலை எழுதி, ‘இதைச் செய்திருக்கிறேன், பாருங்கள்’ என்று வருபவரை விற்பனையாளரோடு சேர்த்து விரட்டக் கூடாது. ‘உங்கள் படைப்புகளை இங்கே பகிருங்கள்’ என்று வாரம் ஒரு உரையாடல் இழை திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நிகழ்வு நடத்தி, பரிசு தரும் ஆதரவாளர் நிறுவனங்களையும் விதி கட்ட வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களித்தால் டி-சர்ட் தரும் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வில், 2020 அக்டோபரில் அந்த டி-சர்ட்டுக்காக, ரீட்மீ (அறிமுகக்) கோப்பில் ஓரிரு சொற்களைச் சேர்த்துப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பம்) அனுப்பியவர்களால் பராமரிப்பாளர்கள் திணறினார்கள். பழி புதியவர்கள் மீது விழுந்தது. பரிசின் கணக்கு அப்படி அமைந்திருந்ததுதான் மூலகாரணம். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு வரும் பங்களிப்பு மட்டுமே எண்ணப்படும் என்று அமைப்பாளர்கள் பிறகு விதியை மாற்றினார்கள்.

இன்னொன்று பலருக்கும் விட்டுப்போகும்: வந்த புகார், குழுவைக் கண்காணிக்கும் நெறியாளர் ஒருவரின் சொந்த நிறுவனத்தைப் பற்றியது என்றால், அவர் அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். பதிவை நீக்கும்போது முதலில் தனியே தெரிவியுங்கள். எந்த வரி விதிக்குப் பொருந்தவில்லை, எங்கே போட்டால் பொருந்தும் என்று அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பத்தாண்டு உழைத்த மூத்தவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் அதே வாசகம் போகட்டும். மூத்தவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், பரவாயில்லை.