மூச்சுத் துளையருகே: இனூயிட் மக்கள் குளிருக்கு ஈடுகொடுத்த வரலாறு

அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து ஆகியவற்றின் வடகோடியில் வாழும் இனூயிட் மக்களின் முன்னோரைத் தொல்லியலாளர்கள் துலே பண்பாட்டினர் என்பர். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காக் கடற்கரையில் வாழ்ந்த இவர்கள், உமியாக் என்னும் பெரிய தோற்படகுகளிலும் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளிலும் கிழக்கு நோக்கி நகர்ந்து, 13ஆம் நூற்றாண்டளவில் கிரீன்லாந்தை எட்டினர்.

அவர்களுடைய எறியீட்டி வியக்கத்தக்க கருவி. அதன் முனை விலங்கின் உடலுக்குள் புகுந்ததும் தண்டிலிருந்து கழன்றுகொள்ளும். அதில் கட்டிய வார் இழுபடும்போது குறுக்காகத் திரும்பி, சட்டைத் துளையில் மாட்டிய பொத்தானைப் போலத் தோலுக்கடியில் சிக்கிக்கொள்ளும். சீல் என்னும் கடல்விலங்கின் தோலில் காற்றடைத்து வாரில் கோத்த மிதவைகள், மூழ்க முயலும் திமிங்கிலத்தைக் களைப்படையச் செய்யும். இப்படி வீழ்த்திய போஹெட் திமிங்கிலங்களின் தாடையெலும்பும் விலாவெலும்பும், மரம் வளராத அந்நிலத்தில் வீட்டுக் கூரையைத் தாங்கின.

பின்னர், பூமியின் பல பகுதிகள் குளிர்ந்த சிறு பனியுகம் வந்தது. கனடாவின் வடதீவுகளிடையே கடற்பனி பெருகியதால், பல இடங்களில் திமிங்கில வேட்டை நலிந்து, வளையச் சீல் என்னும் சீல் இனமே வாழ்வின் ஆதாரமாயிற்று. இந்தச் சீல், உறைந்த கடலின் மேற்பரப்பில் பல மூச்சுத் துளைகளைத் தன் நகங்களால் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும். எந்தத் துளைக்கு எப்போது வரும் என்று கணிக்க இயலாது. ஆகவே வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு துளையருகே மணிக்கணக்கில் அசையாமல் நின்றனர். சீல் எவர் துளைக்கு வந்தாலும் இறைச்சி முறைப்படி பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீடு இல்லையேல் இத்தகைய வேட்டை நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சீலைத் தேடிக் கடற்பனியின் மீதே குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்ததால் பனிவீடு இன்றியமையாததாயிற்று. காற்றால் இறுகிய பனிக்கட்டிகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உறங்கும் மேடை வாயிலைவிட உயரத்தில் இருப்பதால், கனமான குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். சீல் கொழுப்பில் எரியும் குல்லிக் என்னும் கல்விளக்கே ஒளியும் வெப்பமும் தந்தது. உணவைச் சமைத்ததும் பனியை உருக்கிக் குடிநீராக்கியதும் அதுதான்.

ஆயினும் துளையருகே நின்றவனுக்கு விளக்கேது? அவனைக் காத்தது வீட்டுப் பெண்கள் தைத்த கரிபூ மான்தோல் உடை. உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும் மேலாடையின் மயிர் வெளியே நோக்கியும் இருக்கும். உள்ளீடற்ற அம்மயிரும் இரு அடுக்குகளின் இடைவெளியும் காற்றைப் பிடித்துவைக்கும். சீல் தோல் காலணிகளைத் தைக்கையில் ஊசி தோலின் பாதி ஆழத்துக்கே செல்லும். மறுபுறம் துளை விழாததால் நீர் உள்ளே கசியாது.