கரியோவியத்தைத் துடைக்காதீர்கள்

பிரான்சின் போர்தோ நகரில் 1827-இல் பிறந்த மாக்சீம் லாலான், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் எச்சிங் கலையைப் பற்றி 1866-இலும், கரித்துண்டால் வரையும் கரியோவியத்தைப் பற்றி 1869-இலும் கையேடுகள் எழுதியவர். இரண்டிலும் கை தேர்ந்தவர். ஒரே கலைஞரின் இந்த இருவகைப் படைப்புகளையும் ஒரேமாதிரி பராமரிப்பதால் நேரும் சேதத்தை, காகிதப் பாதுகாப்புப் பணியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எச்சிங்கில், எண்ணெயில் குழைத்த மை ஈரத்தாளுக்குள் அழுத்தத்தால் இறங்கிக் காய்ந்து இறுகிவிடுகிறது. தாள் பழுப்பேறினால், பயிற்சி பெற்றவர் அதை நீரில் கழுவவும் வாய்ப்புண்டு. கரியோ, பசை எதுவுமின்றித் தாளின் மேடுகளில் வெறுமனே ஒட்டி நிற்கும் தூள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால், மரக்கூட்டத்தின் அடர்ந்த இருள் தனித்தனித் துகள்களாகப் பிரிந்து, நடுவே வெற்றுத்தாள் தெரியும். இயற்கையை உணர்ச்சி பொங்கக் காட்டும் ரொமான்டிக் பாணி நிலக்காட்சிகளில் மேகம் பிளந்து வழியும் ஒளி, பெரும்பாலும் பரப்பிய கரியைப் பிசைந்த ரொட்டித் துண்டால் ஒற்றியெடுத்து உண்டாக்கியது. அதே ரொட்டித் துண்டால் பழைய தாள்களின் அழுக்கை நீக்கும் வழக்கமும் இருந்தது என்பதை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. ஓவியர் வேண்டுமென்றே விட்டுவைத்த கருமையையும் அது சேர்த்தெடுத்துவிடும்.

கரி உதிராதிருக்க, சாராயத்தில் கரைத்த அரக்கு போன்ற பிசின்களை அக்காலத்தில் தெளித்தார்கள்; சிலர் தாளின் பின்புறமிருந்து ஊறவிட்டார்கள். இவை நாளடைவில் மஞ்சளாகும். அதே போர்தோவில் 1840-இல் பிறந்த ஒதிலோன் ரெதோனின் கரியோவியங்கள் பல பொன்னிறம் காட்டுவதில் இத்தகைய பூச்சுக்கும் பங்குண்டு என்பதால், அந்த மஞ்சளைக் கறையென்று நினைத்து வெளுக்க முயலக் கூடாது. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை இன்று மேலே அடிப்பதும் ஆபத்தே: சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிநிலைகள் கருத்துப்போகும், மீட்கவும் இயலாது.

சட்டமிடும்போது சாதாரண அக்ரிலிக் தகட்டைத் தவிருங்கள். அதன் நிலைமின்சாரம் துகள்களை இழுத்துக்கொள்ளும். கண்ணாடியே நல்லது, ஆனால் அது ஓவியத்தைத் தொடாதபடி இடையே அமிலமற்ற தடித்த மவுண்ட் அட்டை வேண்டும். கரி வெளிச்சத்தில் மங்காது என்றாலும் தாள் பாதிக்கப்படும். ஆகவே ஒளியை 50 லக்ஸ் (மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைப்பதே முறை. சட்டமில்லாத ஓவியத்தைச் சுருட்டவோ, மேலே பட்டர் பேப்பர் படியவைக்கவோ வேண்டாம். ஆழமான அட்டைப்பெட்டியில், முகம் மேல்நோக்கியிருக்கக் கிடத்தி, குலுங்காமல் எடுத்து வாருங்கள்.