வாசனைக்கு எத்தனை வாளி தண்ணீர்?

நான்கு வாழைக்கன்றுகள் அவிந்துபோன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வீட்டு வளவுக்குள் சின்னதாக ஒரு வாலை (ஆவியால் வடிக்கும் சட்டி) வைத்து எலுமிச்சைப்புல், கறிவேப்பிலை, தேசித்தோல் என்று வாசனை எண்ணெய் வடித்து வருகிறேன். தொடங்கிய வருடம், ஆவியைக் குளிர்த்தி வரும் தண்ணீரை ஒரு குழாயால் வாழை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். ஒருநாள் மோட்டர் இழுவை குறைந்து, போனதெல்லாம் சுடுநீர். மறுநாள் வந்து பார்த்த பக்கத்து வளவு ஆச்சி கன்றுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, விடிஞ்சதில இருந்து பொழுதுபடுமட்டும் உந்த மோட்டர் ஓடுது. என்ர கிணத்துக்கும் ஏதும் மிச்சம் வைப்பியோ?" என்றுதான் கேட்டார்.

"இரசாயனம் இல்லை, வெறும் ஆவிதான், சூழலுக்குக் கெடுதல் இல்லை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவன் நான். அன்றிரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு லீற்றர் வடிநீர் வருமளவு நீராவியைத் தண்ணீராக்கி ஆறவைக்க, 30 பாகை சூடேறிப் போகும் குளிர்நீர் ஏறத்தாழ 20 லீற்றர் வேண்டும். நாளுக்கு 40 லீற்றர் வடித்தால் 800 லீற்றர், கூரைத் தாங்கி ஒன்று கிட்டத்தட்டக் காலி. 100 கிலோ பச்சைப்புல்லில் அரை லீற்றர் எண்ணெய் கிடைத்தாலே எனக்கு நல்ல நாள். வெட்டிவேர் என்றால் இன்னும் மோசம், இராப்பகலாக அடுப்பு எரிய வேண்டும்.

ஆறு ஓடுகிற ஊரில் இதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. நமக்கு இருப்பது மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு. மற்றதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும்.

திருத்தம் பெரிய விஞ்ஞானம் இல்லை. நிழலில் 2000 லீற்றர் சீமெந்துத் தொட்டி ஒன்று, சின்னப் பம்பி ஒன்று. தொட்டித் தண்ணீரே, ஆவியை ஆற்றித் தண்ணீராக்கும் குளிர்த்திக்கு அடியால் ஏறி, மேலால் சூடாக வெளியேறித் திரும்பத் தொட்டிக்கு வரும். காலையில் 28 பாகையில் இருப்பது பின்னேரம் 40ஐத் தொடும், இரவில் ஆறிவிடும். ஆவியாகிப் போகிற கொஞ்சத்தைத்தான் ஊற்ற வேண்டும். கொதிகலனுக்கும் குளிர்த்தியின் மேல்வாயில் வரும் சுடுநீரையே விடுகிறேன், விறகு கொஞ்சம் மிச்சம். எண்ணெயைப் பிரித்தபின் மிஞ்சும் வாசநீரில் விற்பதுபோக மீதியை அடுத்த வடிப்புச் சட்டிக்குள்ளேயே ஊற்றுவேன். அதில் கரைந்திருக்கும் வாசமும் அப்போது திரும்பிக் கிடைக்கும்.

கொதிகலனுக்குக் கிணற்றுநீர் சரிவராது என்பதையும் பட்டுத்தான் படித்தேன். ஆறு மாதத்தில் அடியில் விரல்நகத் தடிப்பில் வெள்ளைக் கல். கல் ஏறினால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது, பொச்சும் ஊமலும் வீணாக எரியும். இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்து அதற்கென்றே வைத்து, தொட்டிக்கும் அதையே விடுகிறேன். வடித்த சக்கையைக் காயவிட்டு எரிக்கலாம், வாழைக்கும் மூடலாம்.

மல்லிகைதான் தனிக்கதை. ஆவியில் போட்டால் மணம் போய் அவித்த கீரை நாற்றம்தான் மிஞ்சும். தொழிற்சாலைகள் அதற்கு எக்சேன் என்ற பெற்றோலியக் கரைப்பானைப் பயன்படுத்துகின்றன. அதை நெடுநாள் சுவாசித்தால் கைகால் நரம்பு கெடும். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். 31 பாகையும் 73 வளிமண்டல அழுத்தமும் தாண்டிய காபனீரொட்சைட்டால் இழுக்கும் முறை அருமையானது. அந்த இயந்திரத்தின் விலையில் ஒரு வளவே வாங்கலாம்.

ஆனால் மல்லிகை கொய்த பிறகும் மணிக்கணக்காக மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ. வட இந்தியாவில் கன்னோஜ், ஜவுன்பூர் பக்கம் இதை வைத்தே தலைமுறையாகத் தொழில் செய்கிறார்கள். எள்ளை ஒரு படை, பூவை ஒரு படை என்று பரப்பி மூடி வைத்து, மறுநாள் பூவை அரித்தெடுத்துவிட்டுப் புதுப்பூ போடுவது. எள் மணத்தைக் குடித்துக்கொள்ளும். பல தடவை இப்படிச் செய்து செக்கில் போட்டால் வருவது மல்லிகை நல்லெண்ணெய். நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, கரைப்பானும் இல்லை. ஆச்சியின் கிணறு தப்பியது.

முதல்முறை நான் செய்தது பூஞ்சணம் பிடித்து நாலு கிலோ எள் குப்பைக்குப் போனது. பூக்காரர் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்திருந்தார், நான் கவனிக்கவில்லை. இப்போது பின்னேரம் மொட்டாகக் கொய்து, துணியில் பரப்பி ஈரம் போனபின், விரியத் தொடங்கும் நேரம் பார்த்து எள்ளில் சேர்க்கிறேன்.

எடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலர் வைப்பதில் காட்டுவதில்லை. கெட்டுப்போய்க் கொட்டினால் இறைத்த தண்ணீரும் எரித்த விறகும் சேர்ந்துதான் கொட்டுப்படும். வாசநீருக்கு ஆயுள் குறைவு. கொதிக்கவைத்துக் காயவிட்ட போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள், கலங்கினால் கொட்டிவிடுங்கள். எண்ணெய்க்கு எதிரி மூன்று: வெயில், சூடு, காற்று. கபிலநிறக் கண்ணாடிப் போத்தலில், கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும். பாதி குறைந்தால் சின்னப் போத்தலுக்கு மாற்றுங்கள். பிளாஸ்ரிக்கில் தேசியெண்ணெய் விடாதீர்கள், சிலவகை பிளாஸ்ரிக்கை அது கரைத்தே விடும். தேசியெண்ணெயில் உள்ள லிமோனீன் காற்றோடு சேர்ந்து பழசானால் தோலில் ஒவ்வாமை தரும். பிழிந்தெடுத்த தேசியெண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும், வடித்ததில் அந்தப் பயம் இல்லை.

வடித்த நாளைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். என் அலுமாரியில் நாள் எழுதாத போத்தல் ஒன்று நிற்கிறது. தேசியென்று நினைவு, திறந்து மணந்தால் வார்னிஷ். வருகிறவர்களுக்கு மணந்து பார்க்கக் கொடுக்கவென்றே அதை வைத்திருக்கிறேன்.