தோட்டாக் கூட்டைப் புளி போட்டுத் தேய்க்கிறவர்களுக்கு

சேலத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். காரீய நச்சு என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருகிறவர்கள் பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிறவர்கள், பெயிண்ட் சுரண்டுகிறவர்கள், வலைக்குக் குண்டு வார்க்கிறவர்கள். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டாலே பிடித்துவிடலாம். ஆனால் ஆசைக்காக விடுமுறை நாளில் செய்கிற காரியம் அந்தக் கேள்வியில் சிக்காது. துப்பாக்கி சுடும் விளையாட்டு அப்படிப்பட்டது.

என்னிடம் வந்தவர் ரைஃபிள் கிளப்பின் ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், பல வருடமாகச் சுடுகிறவர். மலச்சிக்கல், விட்டுவிட்டு வயிற்றுவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தசோகை மட்டும் இருந்தது. பேச்சுவாக்கில் மனைவிதான் சொன்னார்: "ரேஞ்சுலேர்ந்து காலித் தோட்டாவா பொறுக்கிட்டு வந்து, புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு அடுக்கி வெக்கிறாருங்க டாக்டர். பாத்திரம் கழுவுற தொட்டியிலதான்." ரத்தத்தில் காரீயம் பார்த்தோம், அதிகமாக இருந்தது. வீட்டில் தவழ்கிற குழந்தைக்கும் பார்க்கச் சொன்னேன். அதற்கும் இருந்தது.

தோட்டாக் கூடு பித்தளை. அந்தப் பித்தளைமேல் குற்றமில்லை. தோட்டாவின் அடியில் தீப்பொறி தருகிற பிரைமர் மருந்தில் பெரும்பாலும் இருப்பவை லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீயச் சேர்மம், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. சுட்டதும் இவை கரியாகிக் கூட்டின் உட்சுவரில் படிகின்றன. குண்டே காரீயம் என்றால் அதன் துகளும் சேரும். குத்துவிளக்கைத் துலக்குகிற அதே புளி இந்தக் கரியையும் இளக்கித் தண்ணீரில் இறக்கிவிடும். கூட்டை மக்காச்சோளச் சக்கைத் தூளோடு போட்டு உருட்டித் துலக்குகிற டம்ளர் மெஷின் வைத்திருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். மூடியைத் திறந்து தூளைச் சலிக்கும்போது எழுகிற புழுதி முழுக்க மூச்சில் போகிறது, மிச்சம் தரையில் படிகிறது. துப்பாக்கி மருந்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தப் புழுதியைப் பார்த்துப் பயப்படுகிறவரை நான் பார்த்ததில்லை.

விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கு அளவே எடுத்துக்கொள்ளும். குழந்தை உடல் பாதிவரை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும். நம் ஊரில் எத்தனை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தசோகை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடக்குறையப் பாதியாகும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது இதுவும் இறங்கிக் கருவுக்குப் போகும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால் கூட்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சுத்தம் செய்தே ஆகவேண்டுமென்றால் வெளியில், கையுறையோடு, அதற்கென்றே ஒரு வாளியில், ஈரமாக. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது. சிந்தியதை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சானிடைசர் காரீயத்தை எடுக்காது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதற்கு முன் டீ, முறுக்கு எதையும் தொடக் கூடாது. ரேஞ்சில் போட்ட சட்டையைத் தனியாகத் துவையுங்கள். அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். அது பித்தளையில் வெடிப்பு உண்டாக்கும்.

துடைத்த கூட்டில் மறுபடி மருந்தேற்றுவது பற்றியும் சிலர் கேட்கிறார்கள், ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உட்பட. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி குற்றம். கிளப்பில் சுடுகிற .22 தோட்டாவில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அது மறுபயன்பாட்டுக்கான தோட்டாவே அல்ல.

அடிக்கடி சுடுகிறவர்கள், பயிற்சியாளர்கள், ரேஞ்சைக் கூட்டுகிற ஊழியர்கள் ரத்தக் காரீய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கு வைத்த எச்சரிக்கை அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதைத் தாண்டிவிட்டது என்று உடனே மருந்து கேட்டு அலைய வேண்டாம். குழந்தைகளுக்குக் காரீயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45ஐத் தொட்டால்தான். அதற்குக் கீழே காரீயம் வருகிற வழியை அடைப்பதும், இரும்பும் கால்சியமும் உள்ள சாப்பாடும், சில வாரம் கழித்து மறுபடி சோதிப்பதும்தான் சிகிச்சை. நச்சை முறிக்கும் என்று விற்கிற பொடிகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றிலேயே காரீயம் இருந்திருக்கிறது.