அரையாண்டு விடுமுறையில் பிள்ளைக்கு யார் வாசித்துக் காட்டுவது?

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் முடிந்து பள்ளிகள் திறந்த சில நாள்களில், கோபிசெட்டிபாளையத்தில் உள்ள என் பயிற்சி அறைக்கு வரும் பெற்றோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பேச்சு, மொழிப் பயிற்சியாளராகப் பணியாற்றும் எனக்கு, வந்து உட்கார்ந்ததும் அவர்கள் சொல்லப்போவது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். "லீவுல எல்லாத்தையும் மறந்துட்டானுங்க டீச்சர். ரண்டு வரி படி சாமின்னா எழுத்துக்கூட்டக்கூட மாட்டீங்கறான்." சொல்பவரின் முகத்தில் கவலை இருக்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றோர் மறதி என்று நினைப்பது பெரும்பாலும் மறதி அன்று. விடுமுறைக்கு முன்பே சரியாக ஊன்றாமல் இருந்த ஒன்று, அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அடுத்தடுத்து வந்து பழக்கம் விட்டதும் வெளியே தெரிகிறது. அதை ஊன்றச் செய்வதற்கு விடுமுறையைவிட நல்ல காலம் இல்லை என்பதையும், அதற்கு ட்யூஷனைக் காட்டிலும் வீட்டில் உள்ள ஒருவரின் குரலே முதலில் வேண்டும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எழுத்துகளைக் கற்றுக்கொண்டுவிட்டால் தமிழ் படிப்பது எளிது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் அடையாளம் காண்பதே ஒரு சிறு குழந்தைக்குப் பெரும் வேலை. கடல், பக்கம், தங்கம், பகல் ஆகிய நான்கு சொற்களிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. 'கொ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்பு, வாயில் கடைசியாகத்தான் ஒலிக்கிறது. இவற்றையெல்லாம் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் கடந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அவர்களைத் தடுக்கி விழ வைப்பது, புத்தகத்தில் இருக்கும் தமிழை வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதுதான்.

நம் கொங்குப் பக்கத்து வீடுகளில் ஒரு குழந்தை "அவிய போய்ட்டு இருந்தாங்க" என்று கேட்டு வளர்கிறது. பாடநூலில் அதே செய்தி "அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்" என்று இருக்கிறது. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரு சொல்லில் மட்டும் பன்னிரண்டு எழுத்துகள் உள்ளன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பன்னிரண்டாவது எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவிவிடும். அந்தச் சொல்லை முன்பே பலமுறை காதால் கேட்ட பிள்ளையோ 'போய்க்கொ' என்று தொடங்கியதுமே மீதியை ஊகித்துச் சொல்லிவிடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு ஒன்றாகவே இருக்கலாம். அவர்களுடைய காதுகள் பழகியதில்தான் வேறுபாடு.

வாசிப்பைப் பற்றி 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த எளிய கணக்கு ஒன்றை, என்னிடம் வரும் பெற்றோருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது அதன் சாரம். கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றொன்று ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்தான். நம் வீடுகளில் முதல் திறனுக்காக மட்டுமே உழைக்கிறோம். இரட்டைக்கோடு நோட்டு, அழகெழுத்து, சொல்வதெழுதுதல் எல்லாம் அதற்காகத்தான். இரண்டாவது திறன் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். பேச்சுத் தமிழைப் பொறுத்தவரை அது தானாக வருவது உண்மையே. நூல் தமிழ் மட்டும், யாராவது வாசித்துக் காட்டாமல் காதுக்கு வருவதில்லை.

சில விவரங்களை மாற்றி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு படிப்பவன். தந்தையும் தாயும் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒருவர் கட்டிங்கிலும் மற்றவர் செக்கிங்கிலும் வேலை பார்க்கிறார்கள். அரையாண்டு விடுமுறை பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு இல்லை; ஆகவே தேர்வு முடிந்த மறுநாளே அவன் அந்தியூர்ப் பக்கம் உள்ள அமுச்சி (தாயைப் பெற்ற பாட்டி) வீட்டுக்கு அனுப்பப்படுவான். பள்ளி திறந்ததும் திரும்புபவன், பொங்கலுக்குக் கம்பெனி விடுமுறை விட்டதும் பெற்றோரோடு மறுபடியும் அங்கே போவான். வீட்டு முகப்பில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டி, பட்டிப் பொங்கல் முடித்து, பெண்பிள்ளைகள் பூப்பறிக்கப் போய் வரும்வரை அந்த வீடு உறவினரால் நிறைந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு இதைவிட மகிழ்ச்சியான நாள்கள் வேறு இருக்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தப் பொங்கலன்று வீட்டின் ஆசாரத்தில் (கூடத்தில்) எல்லோரும் அமர்ந்திருந்தபோது, மாமா ஒருவர் நாளிதழை அவன் கையில் கொடுத்து, "எங்க, மாமனுக்கு இதைப் படிச்சுக் காட்டு பாக்கலாம்" என்றிருக்கிறார். முதல் வரியிலேயே திணறியிருக்கிறான். அவனைவிட ஒரு வயது இளைய சித்தி மகள் எட்டிப் பார்த்து அந்த வரியைச் சரளமாகப் படித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் தீய எண்ணம் எதுவும் இல்லை என்று அவனுடைய தாய் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அன்று முதல் புத்தகத்தைத் திறந்தால் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கியவன், பள்ளி திறந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படித்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள்.

விடுமுறையில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பண்டிகைக்குக் கூடும் உறவினர் முன் பிள்ளையை வாசிக்கச் சொல்வது அன்பினால் செய்வது என்றாலும், பிள்ளைக்கு அது தேர்வு. வகுப்பறைத் தேர்வைவிடக் கடினமான தேர்வு. வகுப்பில் திணறினால் ஆசிரியருக்குத் தெரியும். இங்கே அவன் மதிக்கும் மாமாவுக்கும் அப்புச்சிக்கும் (தாயைப் பெற்ற தாத்தாவுக்கும்) தெரிந்துவிடுகிறது. அச்சம் சூழ்ந்த மனத்தில் எழுத்துகளை நினைவில் வைத்துக் கோப்பதற்கு இடம் குறைவு. ஆகவே உண்மையில் அவனுக்குத் தெரிந்ததைக் காட்டிலும் மோசமாகவே அன்று படித்திருப்பான். பார்த்தவர்களோ அதையே அவனுடைய அளவாக எடுத்துக்கொண்டார்கள். உறவினர் யாராவது அப்படிக் கேட்டால், "இன்னிக்கு நீங்க படிச்சுச் சொல்லுங்க மாமா, நாங்க கேக்கறோம்" என்று தாய் இடைமறித்துவிடுவது நல்லது. மரியாதைக்குக் குறைவு எதுவும் நேராது, பிள்ளையும் காப்பாற்றப்படுவான்.

அந்தத் தாயிடம் தினமும் இரவில் கால் மணி நேரம் மகனுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டபோது, அவர் தயங்கி, "எனக்கே சரளமா வராதுங்களே, எட்டாவதோட நின்னவ நான்" என்றார். அது குறையே அன்று. வரியின் கீழ் விரலை நகர்த்தியபடி மெதுவாக வாசிக்கும் தாய், ஓரிடத்தில் தடுமாறித் திரும்ப வாசிப்பதைப் பார்க்கும் பிள்ளை, தடுமாறுவதும் வாசிப்பின் ஒரு பகுதிதான் என்று அறிந்துகொள்கிறது. பிள்ளை அந்தியூரிலும் தாய் திருப்பூரிலும் இருக்கும் நாள்களுக்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். கதைப்புத்தகம் பிள்ளையிடம் இருக்கும். அதன் பக்கங்களின் படங்கள் தாயின் கைபேசியில் இருக்கும். இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து வந்ததும் அவர் அழைப்பார். அவர் அங்கிருந்து வாசிக்க, அவன் இங்கே வரியின் கீழ் விரலை ஓட்டுவான்.

வாசிக்கத் தெரியாத அமுச்சிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாட, ஊரே உட்கார்ந்து இரவு இரவாகக் கேட்ட நாடு இது. அப்படிக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையை நாளுக்கு நான்கு வரியாக, அவர்கள் சொன்ன சொற்களிலேயே, ஒரு நோட்டில் பிள்ளையோ பெரியவர் ஒருவரோ எழுதிவர வேண்டும். "மழை வந்துருச்சு, குருவி நனைஞ்சு போச்சு" என்று அமுச்சி சொன்னால் அப்படியே எழுதலாம். எழுதியதைப் பிள்ளை வாசிக்கும்போது திணறல் வெகுவாகக் குறைவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். சொற்கள் முன்பே காதில் இருப்பதுதான் காரணம். மறுநாள் அதே வரியை "மழை வந்துவிட்டது, குருவி நனைந்துபோனது" என்று எதிர்ப்பக்கத்தில் மாற்றி எழுதச் சொல்வேன். வீட்டுத் தமிழுக்கும் நூல் தமிழுக்கும் இடையே உள்ள வழியைப் பிள்ளை தானே நடந்து அறிவது இங்கேதான். கொச்சையை எழுதப் பழக்கலாமா என்று ஆசிரியர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. இடப்பக்கத்தில் உள்ள மொழியை இழிவாகக் கருதாத பிள்ளைதான் வலப்பக்கத்து மொழியை அச்சமின்றிக் கற்கிறது என்பது என் அனுபவம்.

வாசித்துக் காட்டும் முறையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தானே படிக்க விரும்பி ஒரு சொல்லில் நின்றால், மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை பொறுத்திருந்து சொல்லைச் சொல்லிவிடுங்கள். திரும்ப எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள். கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்பதை விட, நடுவில் நிறுத்தி அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பது பயன் தரும். ஒரே கதையை ஏழாவது நாளும் கேட்டால் ஏழாவது நாளும் வாசியுங்கள். மாலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் கால் மணி நேரம் பல தோட்டத்து வீடுகளுக்கு ஒத்துவந்திருக்கிறது.

கைபேசியைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக்கூடாது என்றும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் உடனிருந்து வாசித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. அந்த இரண்டாம் பாதியை நாம் கவனிப்பதில்லை. கைபேசியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. காலியான நேரத்தில் ஒருவர் அருகில் வந்து உட்கார வேண்டும்.

புத்தகத்துக்குச் செலவு செய்ய முடியவில்லை என்பவர்கள், வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம் என்பதை நினைவில் கொள்ளலாம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் பயனாக நம் ஊர்களில் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கின்றன. பண்டிகை நாள்களில் அவை மூடியிருக்கும் என்பதால் காப்புக் கட்டுக்கு முன்பே போய் எடுத்துவந்துவிட வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'நுழை'யில் இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். வகுப்புக்கு ஏற்ற நூல் என்று கடினமானதைத் திணிப்பதால்தான் பல பிள்ளைகள் விலகிப்போகிறார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆசையாக வாங்கிய நூல்கள் மார்கழியிலும் ஷோகேஸ் கண்ணாடிக்குள் இருந்தால் அவற்றை வெளியே எடுத்து, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் இல்லாத பிள்ளைகள் உண்டு. மூன்றாம் வகுப்பைக் கடந்தும் எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிப்பது, கேட்ட கதையைத் தெளிவாகத் திருப்பிச் சொல்ல முடிந்தும் அதையே வாசிக்க முடியாமல் போவது, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இதே சிரமம் இருந்திருப்பது ஆகியவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்; சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்த பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு அன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. அதற்கான சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கின்றன. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரையோ, மாவட்ட அரசு மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டு மையத்தையோ கட்டணமின்றி அணுகலாம்.

என்னிடம் வருபவர்களிடம், பள்ளி நோட்டுகளோடு, பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும் கதைப்புத்தகம் எதுவோ அதையும் எடுத்துவரச் சொல்கிறேன். முதல் நாள் பிள்ளையை நான் படிக்கச் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தை நான்தான் வாசிப்பேன்.