ஃபிளாரன்ஸில் ஒரு நாள்: இரண்டு முன்பதிவு போதும்

இத்தாலிப் பயணத்தில் ஃபிளாரன்ஸுக்கு ஒரே நாள் ஒதுக்குபவர்கள் எங்களிடம் கொண்டுவரும் பட்டியலில் உஃபீசி, அக்காதெமியா அருங்காட்சியகங்கள், தூஓமோ பேராலயத்தின் குவிமாடம், மணிக்கூண்டு, பித்தி அரண்மனை என எல்லாமே இருக்கும். பாதியை அடித்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொல்வோம். ஊர் சின்னது, ரயில் நிலையத்திலிருந்து தூஓமோவுக்குப் பத்து நிமிட நடை. நேரத்தைத் தின்பவை வரிசையும் படிக்கட்டும்தான். நேரம் குறித்த முன்பதிவு இரண்டு போதும்: காலையில் ஓர் அருங்காட்சியகம், இரவில் ஒரு சாப்பாட்டு மேசை.

கிழமையைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். உஃபீசி, அக்காதெமியா இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம் என்பதால் அன்று கூட்டம் அலைமோதும். உஃபீசி காலை 8.15க்குத் திறக்கும், அந்த நேரத்துக்கே அதிகாரபூர்வத் தளத்தில் பதிவு செய்யுங்கள். இடைத்தரகர் தளங்கள் அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும். உள்ளே போனதும் நேராகப் பொத்திச்செல்லியின் அறைகளுக்குச் சென்று ‘வீனஸின் பிறப்பு’ ஓவியத்தைப் பார்த்துவிடுங்கள். சுற்றுலாக் குழுக்கள் வந்த பிறகு அங்கே தலைகள்தான் தெரியும்.

ஓவியத்தைவிடச் சிற்பத்தில் மனம் போகிறவர்கள் அக்காதெமியாவைத் தேர்ந்தெடுக்கலாம். மிக்கேலாஞ்சலோ 1504இல் முடித்த, 5.17 மீட்டர் உயர தாவீது அங்கேதான் இருக்கிறார். சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்பது 1910இல் வைத்த நகல். இரண்டு அருங்காட்சியகங்களையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள்.

குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. புருனெல்லெஸ்கி கட்டிய அந்தக் கூரை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்குகள். அவற்றுக்கு நடுவே உள்ள குறுகிய சந்து வழியாகத்தான் மேலே ஏறவேண்டும். மூட்டுவலி, இதயக் கோளாறு, மூடிய இடத்தில் பயம் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். படியேற முடிந்தவர்களுக்கும் எங்கள் சிபாரிசு 414 படிகள் உள்ள ஜொத்தோ மணிக்கூண்டுதான். இடையிடையே நின்று மூச்சு வாங்கத் தளங்கள் உண்டு, உச்சியில் குவிமாடமே கண்ணெதிரே நிற்கும். பேராலயத்துக்குள் போகக் கட்டணமில்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். கவுன்டரில் ஒன்றரை யூரோ அளவில் கிடைக்கும் எஸ்பிரெஸோ, பெரிய சதுக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் பல மடங்காகிவிடும். இது ஏமாற்று அல்ல, விலைப்பட்டியலில் தனியாகவே போட்டிருப்பார்கள்.

மதியச் சமையலறை பெரும்பாலும் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30க்கு மேல். நாள் முழுக்கத் திறந்து, படம் போட்ட மெனுவோடு வாசலில் ஆள் நின்று அழைக்கும் கடைகளைத் தாண்டிப் போங்கள். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு 2, 3 யூரோ இருக்கும். அது மேசைக் கட்டணம், ரொட்டியைத் தொடாவிட்டாலும் உண்டு. ஆகவே டிப்ஸ் கட்டாயமில்லை. ரொட்டியில் உப்பில்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள், ஃபிளாரன்ஸ் இருக்கும் தோஸ்கானா பகுதியின் வழக்கமே அதுதான்.

அதிகம் பேர் அதிர்ச்சியடைவது பிஸ்தெக்கா பில்லில். எலும்போடு கூடிய அந்த மாட்டிறைச்சித் துண்டுக்கு மெனுவில் 60 என்று இருந்தால் அது கிலோ விலை. ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு மேல் வரும், எடையில் எலும்பும் சேர்த்தி. 1.3 கிலோ என்றால் 78 யூரோ. பல கடைகளில் சுடுவதற்கு முன் பச்சைத் துண்டை மேசைக்குக் கொண்டுவந்து எடையைச் சொல்வார்கள். பெரிதாக இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். உள்ளே சிவப்பாகத்தான் பரிமாறுவார்கள். நன்றாக வேகவேண்டும் என்பவர்கள் வேறு உணவு கேட்பது நல்லது.

சைவர்களுக்கு ரிபொல்லித்தா இருக்கிறது: பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை போட்ட கெட்டி சூப். ஆனால் இறைச்சி வேகவைத்த நீரில் சமைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ சீஸை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’ என்று சொன்னால் சீஸ் போடமாட்டார்கள்.

மாலைக்கு பொன்தே வெக்கியோ. 1593இல் கசாப்புக் கடைகளை வெளியேற்றிய பிறகு அந்தப் பாலத்தில் பொற்கொல்லர்கள்தான். கூட்டத்தில் நசுங்காமல் பக்கத்துச் சாந்தா திரினித்தா பாலத்தில் நின்று பாருங்கள், முழுப் பாலமும் தெரியும். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்ததை, ஆர்னோ ஆற்றிலிருந்து கற்களை மீட்டுத் திரும்பக் கட்டியதுதான் நீங்கள் நிற்கும் சாந்தா திரினித்தா. வழியில் தரையில் ஓவியப் பிரதிகள் விரித்திருப்பார்கள், கவனம். கால் பட்டால் காசு கேட்டுச் சண்டைக்கு வருவார்கள். போலி பிராண்டு பை வாங்குவது வாங்குபவருக்கும் குற்றம், அபராதம் 7,000 யூரோ வரை போகலாம்.

வாடகைக் காரோடு பழைய நகருக்குள் நுழையாதீர்கள். வெளிக் கார்களுக்கான தடைப்பகுதி அது, எல்லையில் கேமரா மட்டுமே இருக்கும், யாரும் நிறுத்தமாட்டார்கள். மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வரும், கார் நிறுவனத்தின் கட்டணம் தனி. ரயிலில் திரும்புவோர் கையில் பிராந்திய ரயிலின் காகித டிக்கெட் இருந்தால், நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திய பிறகே ஏறவேண்டும்.